பழுப்புத் தூள்

முகாமுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மூன்று பேருக்கும் சேர்த்துத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள். கணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வயது பாப்பா, அப்பாவின் கை எட்டாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நடுவில் இவள், சுவர் மாதிரி. மூன்று வருடமாக இவளுக்கு இதுதான் உத்தியோகம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளின் கறை போக்குவதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கணவனை ஊரே டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. ராணுவத்தில் லாரி ஓட்டியவன். வாகன வரிசையில் அவன் லாரிதான் முதலில் போகும். சாலையில் புதைத்து வைத்திருந்த குண்டு அவனை விட்டுவிட்டு இரண்டாவது லாரியைத் தூக்கியடித்தது. எரிகிற லாரிக்குள் இருந்தவர்களை இழுத்துப் போட ஓடியவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று, வலது கைக்கு நடுக்கம் வந்தது. அதற்கப்புறம் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டது. சில பெயர்களுக்கு இரக்கமே கிடையாது.

அவன் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டில் ஒரு பலூன் வெடித்தது. அவ்வளவுதான். அவன் பாய்ந்து பாப்பாவைத் தரையில் தள்ளி, அதன் மேல் தன் முழு உடம்பையும் போட்டு மூடிக்கொண்டான். காப்பாற்றத்தான் செய்தான். பாப்பாவின் தோள் எலும்பு உடைந்தது. அன்றிலிருந்து அவன் ஓர் அறைக்குள் வந்தால் பாப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அழாது, கத்தாது, முகத்தைக்கூடச் சுளிக்காது. மரியாதையாக எழுந்து போய்விடும். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது.

போன மாதம் அவன் முன்னாள் வீரர் விடுதிக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தான். கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனு எழுதுகிறவர் ஒருவரைக் கொண்டு நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். விடுதி ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட வீடு திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் முன்னாள் வீரர் குடும்பங்களுக்காகக் காட்டில் நடக்கும் இந்த முகாமைப் பற்றிச் சொன்னாள்.

"பத்து நாள்தானே, வரேன்," என்றான் அவன். "பாப்பா தானா ஒரு தடவை என்கிட்ட வரட்டும். வீட்லயே இருக்கேன். வரலன்னா நான் போயிடறேன். அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூசி மெழுகுவது அவளுக்குக் கைவந்த கலை. அவன் நாள் முழுக்க மல்லுக்கட்டியும் ஓடாத மின்விசிறியை, அவன் தூங்கும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டு, "பாருங்க, நீங்க தொட்டதும் ஓடுது" என்று சொன்னவள் அவள். மேல்மாடிக்காரர் அவனிடம் வந்து அலமாரி நகர்த்த உதவி கேட்டாரே, அதற்கு முதல் நாள் இவள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள். வாரத்தில் ஒரு நாள் மேசையில் அம்மா நடுவில் உட்கார, அப்பாவும் பாப்பாவும் சீட்டாடுவார்கள். பாப்பா தோற்கும். எந்தச் சீட்டை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அம்மாவின் புருவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தக் குழந்தை தேறியிருந்தது. ஆஸ்பத்திரிப் படிவங்களில் அவன் கையெழுத்தைக்கூட இவளே போட்டுவிடுவாள். கை நடுங்கி அவன் கோணலாக இழுப்பதைப் பார்க்க இவளால் தாங்க முடியாது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு மனிதனைச் சுற்றி அட்டையில் ஒரு உலகத்தையே கட்டி வைத்திருந்தாள். அன்பினால்தான். அன்பில்லாமல் இவ்வளவு பொய் சொல்ல யாராலும் முடியாது.

முகாமை நடத்தியவரை எல்லாரும் தாடி என்றார்கள், அவர் முகத்துக்கு நேராகவே. அவரும் ராணுவத்தில் இருந்தவர். மரங்களுக்கு நடுவே ஏழெட்டுத் தார்ப்பாய்க் கூடாரங்கள், ஒரு ஓடை, ஒரு கருவிக் கொட்டகை. முன்னாள் வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் அங்கே முடிச்சுப் போடவும், கத்தி தீட்டவும், தங்குமிடம் கட்டவும், நெருப்பு மூட்டவும் கற்றுக்கொள்வார்கள்.

"இங்க உங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க," என்றார் தாடி முதல் நாளே. "கயிறு கேக்கும், கத்தி கேக்கும், நெருப்பு கேக்கும். அதுக்குப் பதில் சொன்னா போதும்."

நெருப்புக்கு மட்டும் அங்கே சட்டம் கடுமையானது. தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் நெருப்பைத் தானே கடைந்து எடுக்க வேண்டும். அதுவரை ஆறிப்போன சாப்பாடுதான். யாரும் யாருக்கும் நெருப்பு கொடுக்கக் கூடாது. தாடியின் அடுப்பிலிருந்து வெந்நீர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தன் கையால் ஒரு முறை நெருப்பு எடுத்தவருக்கு, கயிற்றில் கோத்த ஒரு மர வளையம் கழுத்தில் விழும். வளையம் போட்டவர்கள் ஒன்பதாம் நாள் காட்டுக்குள் தனியாக ஒரு பகலும் ஒரு இரவும் இருந்துவிட்டு வர வேண்டும். வளையம் இல்லாத வீரர்கள் தாடியோடு, தாடியின் தார்ப்பாய்க்குக் கீழே; குடும்பங்கள் அவரவர் கூடாரத்தில். வளையம் பரிசு இல்லை, பாதுகாப்பு என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "உங்க மெடல் எல்லாம் குளிருக்குத் தெரியாது."

நெருப்பு கடைவது பார்ப்பதற்குச் சுலபம். காய்ந்த பலகையில் ஒரு குழி, அதன் ஓரத்தில் ஒரு வெட்டு. குழியில் ஒரு குச்சியை நிறுத்தி, வில்லின் கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு கட்டையால் இடது கை அழுத்த, வலது கை வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். குச்சி சுழலும், புகையும், பலகையின் வெட்டு வழியாகத் தூள் கொட்டும். தூள் நன்றாகக் கருகி விழுந்தால் அதற்குள் ஒரு கங்கு பிறக்கும். அதைக் காய்ந்த நாரால் கட்டிய கூட்டுக்குள் போட்டு ஊதினால் நெருப்பு. அழுத்தும் கை அசையக் கூடாது, இழுக்கும் கை நடுங்கக் கூடாது. டிரைவருக்கு இருந்ததோ மூன்று விரலில் ஒரு கை, நடுக்கத்தில் ஒரு கை.

ராணுவ மெஸ்ஸில் சமையல்காரராக இருந்த ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ஒரு கால் செயற்கைக் கால். முதல் நாளே இரண்டு மணி நேரத்தில் நெருப்பு எடுத்துவிட்டார். அதற்கப்புறம் நெருப்பையே அவர்தான் கண்டுபிடித்தது போல வளையத்தை நெஞ்சில் ஆட்டிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் யோசனை சொன்னார். ஐந்தாம் நாளுக்குள் மற்ற எல்லாக் குடும்பமும் சூடாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. டிரைவர் குடும்பம் மட்டும் ஆறிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. குச்சி துள்ளி விழும். அவன் எடுத்து நிறுத்துவான். மறுபடி துள்ளும். அவன் அதைத் தேடி எடுத்து வருவதை, பாப்பா தூரத்து மரத்தடியில் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் மாலை அவன் சட்டைப் பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்ததை அவள் கவனித்தாள். 

மூன்றாம் நாள் பாடத்தில் தாடி ஒரு வேடிக்கை காட்டியிருந்தார். பட்டுப்போன மரத்தில் பிடிக்கும் கெட்டியான காளானைக் காயவைத்து ஒரு ஓரத்தில் தணல் வைத்தால், அது புகைகூட விடாமல் மணிக்கணக்காக உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப் போக அந்தக் காலத்தில் இதுதான் வழியாம். மற்றவர்கள் ஆச்சரியப்பட்டுவிட்டு மறந்துபோனார்கள். இவள் மறக்கவில்லை.

ஆறாம் நாள் காலை வெந்நீர் எடுக்கப் போனவள், தாடியின் அடுப்பில் நகக்கண் அளவுக் காளான் துண்டைக் காட்டி எடுத்து, தகர மூடிக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள். நார்க் கூடு செய்வது அவள் வேலை. கூட்டின் வயிற்றுக்குள் அந்தத் துண்டைச் செருகினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை இழுத்தான். புகை வந்தது, தூள் வந்தது, பழுப்பாக, மரத்தூள் மாதிரி. கொட்டிய தூளைக் கூட்டுக்குள் சரித்துவிட்டு அவன் ஊதினான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது ஊதலில் கூடு அவன் கைக்குள்ளேயே குப்பென்று பற்றியது.

அவன் கத்தவில்லை. எரியும் கூட்டைச் சுள்ளிக்கு அடியில் வைத்துவிட்டு அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்தான். அவன் முகம் இளகுவதை அவள் பார்த்தாள். குண்டு வெடிப்பதற்கு முன்னால் இருந்தவனின் முகம் அது.  தான் செய்தது தப்பு என்று அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து உள்ளூரப் பெருமைதான் பட்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. மரத்தடியில் இருந்த பாப்பா புத்தகத்தைக் கீழே வைத்தது. எழுந்து வந்தது. அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது, நெருப்பைப் பார்த்தது, பிறகு அவன் மடியில் உட்கார்ந்துகொண்டது. அம்மாவின் பக்கம் அது திரும்பவே இல்லை. அவள் சொல்லவில்லை. கண்ணைக் காட்டவில்லை. புருவத்தைக்கூட அசைக்கவில்லை. அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் தாடி வளையத்தோடு வந்தார். அவனிடம் கொடுப்பதற்கு முன்னால் அவளை ஓடைப் பக்கம் கூப்பிட்டார்.

"நீதானேம்மா பக்கத்துல இருந்த. தூள் என்ன நிறத்துல இருந்துச்சு?"

"கறுப்பா இருந்துச்சு சார்."

"பழுப்புத் தூள் பிடிக்காது. எத்தனை ஊதினாலும் பிடிக்காது. அதான் கேக்கறேன்."

"கறுப்புதான் சார். நல்ல கறுப்பு."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் வளையத்தை மாட்டினார். சமையல்காரர் கை தட்டினார்.

அடுத்த இரண்டு நாட்கள் அவர்கள் சூடாகச் சாப்பிட்டார்கள். ஒரு முறை எடுத்த நெருப்பை அணையாமல் காப்பதுதான் அங்கே வழக்கம் என்பதால் அவன் மறுபடி கடைய வேண்டி வரவில்லை. இரண்டு பொழுதும் அவனே விறகு போட்டுக் காத்தான். பாப்பா சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. அவன் அதற்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தான். எட்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தான். 

"இதை இங்க கிழிச்சுப் போட மாட்டேன்," என்றான். "நாளைக்குத் தனியா போறேன்ல, அங்க நான் மூட்டற நெருப்புல போடறேன்."

மறுநாள் காலை வானம் மூட்டமாக இருந்தது. தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு தார்ப்பாய், ஒரு கத்தி, கடைகருவி, ஒரு விசில். விசிலை மூன்று முறை ஊதினால் தாடி வந்துவிடுவார். அதில் வெட்கம் இல்லை என்று அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். டிரைவரிடம் சொல்லிவிட்டு, அவன் பையைக் கட்டப் போனதும் அவளிடம் வந்து, ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். அவள் பார்த்தாள். பாப்பா அப்பாவின் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் அதனிடம் என்னவோ சொல்ல, அது சிரித்தது. இவள் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போகும், வளையம் போகும், விண்ணப்பம் பைக்குள்ளேயே இருக்கும். ஒரு இரவுதானே. நெருப்பு இல்லாவிட்டால் விசில் ஊதுவான், மழையின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு அவள் தாடியின் கூடாரத்தை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போனாள். பாப்பா அப்பாவுக்காகச் சுள்ளிகளைத் தார்ப்பாய்க்குள் அடுக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். திரும்பிவிட்டாள். அந்தப் பாதித் தூரத்தை அவள் சாகும்வரை நடந்துகொண்டிருப்பாள். இருட்டியதும் படுத்து, மழைச் சத்தத்துக்குள் விசில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கேட்கவில்லை. கேட்காததால் நன்றாகத்தான் இருப்பான் என்று தனக்கே பூசி மெழுகிக்கொண்டாள்.

அவன் விசிலைக் கையிலேயே எடுக்கவில்லை. விடிந்ததும் எல்லாரையும் பார்த்துவரப் போன தாடி, அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். உதடு நீலமாயிருந்தது, நாக்குக் குழறியது. இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் என்று ஒன்று இல்லை. இடது கையின் மூன்று விரல்களும் மடங்கிய நிலையிலேயே விறைத்திருந்தன. தாடி அவனைப் போர்வையில் சுற்றி, வெந்நீர் புகட்டி, இரண்டு கைக்கும் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டார்.  பிறகு அவன் பலகையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பலகையில் வரிசையாகக் குழிகள் இருந்தன.

நடுக்கம் அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அவன் பேசினான், மெதுவாக, கோபமே இல்லாமல்.

"பதினோரு குழி. ஒண்ணுலயும் கங்கு வரல. எல்லாம் பழுப்புத் தூள். மழையாலதான்னு நெனச்சேன். அப்புறம் தார்ப்பாய்க்குள்ள ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கும் பழுப்புதான்."

"கண்டதை யோசிக்காதீங்க. முதல்ல கை ஆறட்டும்," என்றாள்.

"கூட்டை நீதானே கட்டின?"

அவள் என்னென்னவோ சொன்னாள். உங்கள் தூளும் அதில் இருந்ததே, நான் சும்மா ஒரு சின்னத் துண்டு, நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டதைப் பார்க்க முடியாமல் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் அவளைப் பேசி முடிக்கவிட்டான்.

"ஃபேன்?" என்று கேட்டான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"மேல்மாடிக்காரர்?"

அவள் காலடியில் கிடந்த பலகையை ஓரமாக நகர்த்தினாள்.

"சீட்டாட்டமுமா?"

அவள் அழ ஆரம்பித்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடார வாசலில் நின்ற பாப்பாவைக் கூப்பிட்டான். அது இரண்டடி உள்ளே வந்து நின்றது. கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தது.

"அன்னிக்கு நெருப்பு பிடிச்சதும் வந்து என் மடியில ஒக்காந்தியே கண்ணு. அம்மா சொல்லி வந்தியா, நீயா வந்தியா?"

மூன்று வருடத்தில் அந்தக் குழந்தை யாரும் சொல்லாமல் தானாக அப்பாவிடம் வந்தது அப்போதுதான். அவளுக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். ஆனால் அப்பா கேள்வி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குப் பழகியிருந்தது.  அது திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது, எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று.

அவன் அந்தப் பார்வையைப் பார்த்தான்.

"நான் சொல்லலைங்க," என்றாள் அவள். "சத்தியமா அதை மட்டும் நான் சொல்லல. அது தானா வந்துச்சு."

"ஃபேனுக்கும் இதே மாதிரிதான் சத்தியம் பண்ணின," என்றான் அவன். குரலில் கிண்டல்கூட இல்லை. பாப்பாவைப் போய் விளையாடச் சொன்னான். அது புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையல்காரர் கூடாரத்துக்குப் போய்விட்டது.

பிறகு அவன் முழங்கையால் தன் சட்டைப் பையைக் காட்டினான். அவள் எடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பம் ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி," என்றான். "என் கைல பேனா நிக்காது. நீயே போட்டுடு. உனக்குப் பழக்கம்தானே."

அவள் மாட்டேன் என்றாள். காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். எங்கேயும் போக அவசரம் இல்லாதவனைப் போல, அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தான். தாடி தன் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அவள் போட்டாள். அவன் கை நடுங்காமல் இருந்த காலத்தில் போட்ட கையெழுத்து அப்படியே வந்து விழுந்தது. அவன் தாளை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினான்.